ஆஃப்செட் ஸ்மோக்கருக்குக் கால் அங்குலத் தகடு அவசியமா?

ஹூஸ்டன்வாசி:
பிரிஸ்கெட் (மாட்டின் மார்புப் பகுதி இறைச்சி) சமைப்பதற்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆஃப்செட் ஸ்மோக்கர் வாங்கினேன்; பக்கவாட்டுப் பெட்டியில் விறகை எரித்து, அந்தச் சூட்டிலும் புகையிலும் இறைச்சியை வேகவைக்கும் எஃகு அடுப்பு அது. அதன் தகடு 2 மி.மீ.க்கும் குறைவானது. விறகு எரியும் நெருப்புப் பெட்டியின் அடிப்பகுதி துருவேறி ஓட்டையாகிவிட்டது. மூடி வளைந்து, விளிம்பெங்கும் புகை கசிகிறது. குளிர்காலத்தில் வடகாற்று வீசும் நாட்களில் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிறுத்தி வைக்கப் படாத பாடு படுகிறேன். இப்போது பார்த்து வைத்திருக்கும் கால் அங்குலத் தகட்டு ஸ்மோக்கரின் விலை பழையதைப் போல் ஏழு மடங்கு. தடிமனுக்காக அவ்வளவு கொடுப்பது தகுமா?

தணல்காரர்:
தடித்த தகடு வெப்பத்தை உள்ளேயே அடைத்து வைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள், அது சரியன்று. எஃகு வெப்பத்தை எளிதில் கடத்துவதால், 2 மி.மீ. ஆனாலும் 6 மி.மீ. ஆனாலும், வெளிப்பரப்பு ஒரே சூட்டில் இருக்கும்வரை காற்றுக்கு இழப்பது ஏறத்தாழ ஒரே அளவுதான். தடிமன் தருவது வெப்பத் தேக்கம். 20 அங்குல விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள சமையல் அறையின் (ஸ்மோக்கரில் இறைச்சி வேகும் உருளை) பரப்பு சுமார் 2 சதுர மீட்டர், 2 மி.மீ. தகட்டில் அது 31 கிலோ எடையிருக்கும், கால் அங்குலத்தில் 100 கிலோ. மூடியைத் திறந்து மூடியபின் சூடு விரைவில் மீள்வதும், ஒரு கட்டை தணிந்து அடுத்தது பற்றும் வரையிலான ஏற்ற இறக்கம் அடங்குவதும் அந்த எடையால்தான். ஆனால் அந்த 100 கிலோவையும் முதலில் சூடேற்றியாக வேண்டும்; அதற்கான விறகையும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

பற்றவைப்பாளர்:
மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் நெருப்புப் பெட்டியில் தடிமனை விட்டுக்கொடுக்க வேண்டாம். தணல் நேரடியாகத் தொடும் மெல்லிய தகடு நெளியும். ஈரம் கோத்த சாம்பலை அள்ளாமல் விட்டால் அடித்தகடு அரித்துப்போகும். உங்கள் பெட்டிக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். டெக்சஸில் பழைய ஸ்மோக்கர்கள் பலவும் எண்ணெய் வயல் குழாயிலும் பழைய புரொபேன் தொட்டியிலும் செய்யப்பட்டவை. கைக்கு எளிதில் கிடைத்த தடித்த எஃகு அதுதான். (பழைய தொட்டியை நீங்களே அறுக்க முனையாதீர்கள், எஞ்சிய வாயு வெடிக்கும்.)

வாங்குமுன், நெருப்புப் பெட்டி சமையல் அறையோடு சேரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே பற்றவைப்பு (வெல்டிங்) இடைவெளியின்றி ஓட வேண்டும். போல்ட் போட்டு இணைத்திருந்தால் சூட்டில் நாளடைவில் தளரும். இருட்டியபின் டார்ச்சை உள்ளே எரியவிட்டு மூடியைச் சாத்துங்கள்; வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் புகையும் வரும். விளிம்பை மடித்துத் தடிமனாகக் காட்டும் மூடிகளும் உண்டு என்பதால், மொத்த எடையைக் கேட்டு வாங்குங்கள்.

ஹூஸ்டன்வாசி:
இருவருக்கும் நன்றி. மாலையில் போய் டார்ச் வைத்துப் பார்த்தேன். கீல் பக்க மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சம் கசிந்தது. மற்ற இடங்களில் இல்லை. பற்றவைப்பு முழுமையாக இருக்கிறது.

பற்றவைப்பாளர்:
அந்த அளவை வெப்பம் தாங்கும் கண்ணாடி இழைப் பட்டை அடைத்துவிடும். மூடியே வளைந்திருக்கிறதா என்று மட்டும் நேர்க்கோல் வைத்துப் பார்த்துவிடுங்கள். வளைந்திருந்தால் பட்டை உதவாது, வேறு மூடி கேளுங்கள்.