"ஐ ஆஸ்க்ட் த மியூசிக்": கொழிஞ்சாம்பாறை வகுப்பில் கச்சேரியும் மேளமும்

வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு, கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி எடுக்கிறேன். வீட்டில் தமிழ், படித்தது மலையாள மீடியம் அல்லது தமிழ் மீடியம், பஸ்ஸில் இரண்டும் கலந்து பேசுகிறவர்கள். இசை நிகழ்ச்சியை வர்ணிக்கச் சொல்லும் பாடத்தில் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன்.

வெளிநாடு போகிறவர்கள் எழுதும் இங்கிலீஷ் தேர்வு ஐஇஎல்டிஎஸ். அதில் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதி இப்படி இருக்கும். ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். யோசிக்க 1 நிமிடம், அப்புறம் 1 முதல் 2 நிமிடம் வரை விடாமல் பேச வேண்டும். நீங்கள் போன ஒரு இசை நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது அதில் வரக்கூடிய தலைப்பு.

போன வருடம் வேறொரு கோச்சிங் சென்டரில் படித்துவிட்டு என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தேன். மடமடவென்று ஒப்பித்தாள். வெளிநாட்டு ராக் பாடகர், பெரிய ஸ்டேடியம், லேசர் வெளிச்சம், கூட்டம் கொண்டாடித் தீர்த்தது. இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. முடித்ததும், "நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்?" என்று இங்கிலீஷில் கேட்டேன். முகம் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தமிழில், "அங்க போனதே இல்லைங்க டீச்சர், அவங்க எழுதிக் கொடுத்தது" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணின் வாயில் பொய்யான ஞாபகத்தைத் திணித்தவர்கள் மேல் வந்தது, இன்னும் இருக்கிறது.

"சரி, நீ நிஜமாகவே போன இடத்தைச் சொல்லு" என்றேன். நெம்மாறை வல்லங்கி வேலை என்றாள். உத்தியோகம் இல்லை, வேலை என்பது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவின் பெயர். மலையாள மாதம் மீனம் 20, அதாவது ஏப்ரல் 2 அல்லது 3. அறுப்பு முடிந்த வயலில் நெம்மாறை, வல்லங்கி என்ற இரண்டு ஊர்களும் பந்தல் போட்டு, யானை நிறுத்தி, மேளம் கொட்டி, வாணவேடிக்கையில் முடிக்கும் திருவிழா. சின்ன வயதிலிருந்து ஒரு வருடம்கூட விட்டதில்லையாம். ஆனால் இங்கிலீஷில் ஆரம்பித்தால், "இட் வாஸ் வெரி நைஸ், ஐ என்ஜாய்ட்" என்பதோடு வண்டி நின்றுவிட்டது.

அன்றைக்கு வகுப்பில் 11 பேர். எல்லோரிடமும் இதையே கேட்டேன். எங்கே தடுக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் மொழிதான் காலை இடறுகிறது. தமிழில் "கேட்டேன்" என்றால் கேள்வி கேட்டதும் அதுதான், காதில் விழுந்ததும் அதுதான், உட்கார்ந்து ரசித்ததும் அதுதான். இங்கிலீஷில் இவை மூன்றும் ஆஸ்க், ஹியர், லிசன் என்று தனித்தனி வீடு. அதனால்தான் ஒரு பையன் "ஐ ஆஸ்க்ட் த மியூசிக்" என்று எழுதினான். "வாசித்தார்" இன்னொன்று. புத்தகமும் வாசிக்கிறோம், மிருதங்கமும் வாசிக்கிறோம். ஆகவே "ஹி இஸ் ரீடிங் மிருதங்கம்". மறுபக்கம் பாருங்கள்: ஊதுகிறோம், கொட்டுகிறோம், மீட்டுகிறோம், வாசிக்கிறோம். இத்தனைக்கும் சேர்த்து இங்கிலீஷ்காரன் பிளே என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறான். இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. தங்களுக்கு மூளை மந்தம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, தப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததே பாதி தெம்பு.

தூரத்துச் சத்தம் தானாகக் காதில் விழுந்தால் ஹியர், கிட்டப் போய் நின்று கவனித்தால் லிசன் டு என்று பிரித்துச் சொன்னேன். உடனே அந்தப் பெண், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மேளம் காதில் விழுந்ததையும், அப்புறம் அப்பா தோளில் உட்கார்ந்து கேட்டதையும் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அவள் சொந்தமாகச் சொன்ன முதல் சரியான வாக்கியங்கள் அவை.

அடுத்த வகுப்பில் நடந்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஒரு பையனின் மாமா மேளத்தில் இலத்தாளம் என்ற பெரிய ஜால்ரா போடுகிறவர். அவன் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, பலகையில் ஒரு கோபுரம் வரைந்தான். அடிவரிசையில் 96, அதற்கு மேல் 48, 24, 12, உச்சியில் 6. செண்டை மேளத்தில் ஒரு வகையான பஞ்சாரி மேளத்தின் ஐந்து காலங்கள், அதாவது ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு காலத்திலும் ஒரு தாள வட்டத்தின் அட்சரம், அதாவது எண்ணிக்கை, பாதியாகும், வேகம் ஏறிக்கொண்டே போகும். வல்லங்கி வேலையில் கேட்பது பாண்டி என்ற வேறு வகை மேளம், இந்தக் கணக்கு பஞ்சாரிக்கு என்று மற்றவர்களைத் திருத்தவும் செய்தான். அந்தக் கோபுரத்தின் பக்கத்திலேயே இங்கிலீஷை எழுதினேன். அடியில் அட் ஃபர்ஸ்ட், நடுவில் கிராஜுவலி, அதற்கு மேல் ஃபாஸ்டர் அண்ட் ஃபாஸ்டர், உச்சியில் க்ளைமாக்ஸ், சட்டென்று நிற்கும் இடத்தில் ஆல் ஆஃப் எ சடன். படிப்படியாகக் கூடுவதற்கு பில்ட் அப். ஐந்தையும் யாருமே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இடம் சொல்லும் சொற்களும் மேளத்திலிருந்தே கிடைத்தன. முன்வரிசையில் உருட்டுச் செண்டை என்ற முதன்மைச் செண்டைகள், அதற்கு நேர் எதிரே பார்த்தபடி குழல்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கொம்பு என்ற வளைந்த ஊதுகருவி, செண்டைக்குப் பின்னால் இலத்தாளம். ஃபேசிங், பிஹைண்ட், இன் ஃப்ரண்ட் ஆஃப். ஏழு பேரை வகுப்பறையில் அப்படியே நிறுத்தினேன். பென்சில் பாக்ஸ்தான் செண்டை.

வாத்தியத்தின் பெயரை எப்படிச் சொல்வது என்று பலருக்குக் குழப்பம் உண்டு. பெயரை மாற்றாதீர்கள் என்பேன். செண்டையை வெறும் டிரம் என்று சொன்னால் அது செண்டையே இல்லை. பெயரைச் சொல்லி, அந்த மூச்சிலேயே ஒரு சிறு விளக்கம்: தோளில் தொங்கும், இரண்டு கோலால் கொட்டும் டிரம். விச், தட் என்று வாக்கியத்தை இணைக்கும் பாடமும் இதிலேயே முடிந்துவிடும். கொம்புக்கு வரும்போது யாருக்கும் சொல் வரவில்லை. அந்தப் பெண் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து, "சி மாதிரி டீச்சர்" என்றாள். சி-ஷேப்ட் என்று எழுதிப் போட்டேன்.

புத்தகத்தில் இருந்த கிளாஸ்டன்பரி பாடத்தையும் நான் தள்ளிவிடவில்லை, பின்னால்தான் வைத்தேன். இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் ஒரு பால் பண்ணையில் 1970-இல் ஆரம்பித்த இசைவிழா. அப்போது டிக்கெட் 1 பவுண்ட், அதோடு பண்ணைப் பாலும் இலவசம். பால் சொசைட்டிக்குத் தினமும் கேன் தூக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டு, "எத்தனை மாடு இருக்கும்?" என்று விவாதத்தில் இறங்கினார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை நிலம் ஆறட்டும் என்று விழாவை நடத்தாமல் விடுவார்கள், 2018-இல் அப்படித்தான் விட்டார்கள் என்றதும் ஒருவன், "தரிசு போடறாங்க" என்றான். ஃபேலோ இயர் என்ற சொல் அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. சேற்றில் ஆயிரக்கணக்கான பேர் பூட்ஸ் போட்டு நிற்கும் கூட்டம், லைன்-அப், ஹெட்லைனர் எல்லாம் தங்கள் வல்லங்கி வேலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது சட்டென்று ஏறியது. முதலிலேயே இதை நடத்தியிருந்தால் அது யாருடைய விழாவாகவோ போயிருக்கும்.

பாலக்காட்டில் கல்பாத்தித் தேர்த் திருவிழா சமயத்துக் கச்சேரிக்குப் போய்வந்த இன்னொருவள், "ஐ வாஸ் போரிங்" என்றாள். போர்ட் என்று திருத்தினேன். ஆனால் பிடிக்கவில்லை என்று சொன்னதைத் திருத்தவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன். ராகம் புரியவில்லை, ஆனால் பக்கத்தில் ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நாலு வாக்கியம் சொன்னாள். அன்றைய வகுப்பிலேயே சிறந்த வர்ணனை அதுதான். பிடித்தது என்று சொன்னால்தான் மார்க் என்று யாரோ இவர்களை நம்ப வைத்திருக்கிறார்கள்.

ஸ்டேடியக் கதையை ஒப்பித்த அந்தப் பெண் இரண்டு மாதம் முன்பு தேர்வு எழுதினாள். அட்டையில் இசை வரவில்லை, கூட்டமான ஓர் இடம் வந்தது. வல்லங்கி வேலையைச் சொல்லியிருக்கிறாள். கேள்வி கேட்டவருக்குக் கொம்பு புரியவில்லையாம், என்னவென்று கேட்டார். "கையைத் தூக்கிட்டேன் டீச்சர்" என்று போனில் சொன்னாள்.