மறு: ஜென்ட்ரிஃபிகேஷனுக்கு மேட்டுக்குடியாக்கம் சரியா வருமா?

வணக்கம் எல்லாருக்கும்,

> மேட்டுக்குடியாக்கம்னே வச்சிரலாமே, ஏற்கனவே நாலு பேர் எழுதிட்டுதானே இருக்காங்க.

ஐயா, இதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஒரு பெரிய நகரத்துல அடுத்து எந்தெந்த வட்டாரம் ஜென்ட்ரிஃபிகேஷன் ஆகப்போகுதுன்னு, அதாவது வசதியானவங்க வந்து பழைய ஆளுங்க வெளியேறுற மாதிரி மாறப்போகுதுன்னு கணிக்கிற மாடல்கள் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு இருக்கேன், அதுல இந்தச் சொல் முப்பது தடவைக்கு மேல வருது, ஒவ்வொரு தடவையும் மேட்டுக்குடியாக்கம்னு போட்டுப் போட்டுப் பார்த்து கை சலிச்சுப் போய்தான் இந்த மடல், நீளமாப் போனா பொறுத்துக்கங்க.

1964ல லண்டனப் பத்தி எழுதும்போது ரூத் கிளாஸ்ங்கிற சமூகவியலாளர் உண்டாக்கின சொல் ஜென்ட்ரிஃபிகேஷன். தொழிலாளிங்க குடியிருந்த தெருவுல நடுத்தர வர்க்கம் வந்து வீட்ட வாங்கிப் புதுப்பிச்சு, கடைசில பழைய ஆளுங்க பெரும்பாலும் இல்லாமலே போயிடுறதப் பார்த்துட்டு, ஜென்ட்ரிங்கிற அந்தக்கால நிலக்காரக் கூட்டத்துப் பேர ஒரு குத்தலோட ஒட்டிவிட்டாங்க. மேட்டுக்குடின்னு மாத்தினா அந்தக் குத்தல் போயிடுது, பிறப்பு, குலம்ங்கிற வாசன மட்டும் ஒட்டிக்குது. வர்றவங்க கையில இருக்கிறது குலம் இல்ல, பட்டமும் சம்பளமும்தான். அதுலயும் முதல்ல வந்து சேர்ற ஓவியர், மாணவர் கூட்டத்துக்குச் சம்பளமும் பெருசா இருக்காது. சீனத்துல கனவான் ஆக்கம்ங்கிற மாதிரிதான் வச்சிருக்காங்க, அங்கயும் யாராச்சும் முணுமுணுத்திருப்பாங்கன்னு நெனைக்கிறேன்.

அத விடப் பெரிய கோளாறு அந்த ஆக்கம். யார யாரு மேட்டுக்குடி ஆக்குறா? ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 100 வீடு இருக்கிற தெரு, வீட்டுக்கு வருமானம் 20ன்னு வச்சுக்குவோம். 40 குடும்பம் காலி பண்ணிட்டுப் போகுது, அந்த இடத்துக்கு 60 சம்பாதிக்கிற 40 குடும்பம் வருது. சராசரி 36 ஆயிடுச்சு. டேபிளப் பார்க்கிறவனுக்கு 20 இருந்தது 36 ஆச்சு, ஆகா வட்டாரம் முன்னேறிடுச்சுன்னு தோணும், ஆனா மிச்சம் இருக்கிற 60 வீட்டுல யாருக்கும் ஒரு பைசா கூடல, கூடினது வாடகையா மட்டும் இருக்கலாம். போன 40 குடும்பம் எங்க போச்சுன்னு அந்த டேபிள்ல ஒரு கட்டம் கூட கிடையாது. சென்சஸ் இருக்கிறவங்கள எண்ணும், போனவங்கள வழியனுப்ப அதுக்குத் தெரியாது.

கணிக்கிற மாடலெல்லாம் இந்த மாதிரி டேபிள் மேலதான் உட்கார்ந்திருக்கு. 2019ல லண்டனுக்கு வந்த ஒரு ஆய்வு, 2001, 2011 சென்சஸ வச்சு ரேண்டம் ஃபாரஸ்ட் முறைல (நிறைய முடிவு மரங்களச் சேர்த்துக் கணிக்கிற கணினி முறை) 2021 எப்படி இருக்கும்னு கணிச்சுது. உள்ள போய்ப் பார்த்தா வருமானம், வீட்டு விலை, வேலை வகை, படிப்பு நாலையும் சேர்த்து ஒரு மதிப்பெண், அது ஏறுமா இறங்குமான்னுதான் கேள்வி. தப்பு சொல்லல, அளக்க முடிஞ்சத அளந்திருக்காங்க. ஆனா அந்த மதிப்பெண்ணுக்கும் ரூத் கிளாஸ் பார்த்ததுக்கும் ஒரே பேர் வச்சா நம்ம வாசகர் குழம்பிருவார்.

அதனால நான் முன்னாடியே சொன்ன அந்த ரெண்டு சொல்லத்தான் திரும்பச் சொல்றேன். மாடல் அளக்கிறது *வட்டார ஏற்றம்*. முழு நிகழ்வுக்கு *கைமாறல்*. ஏரியாவே கை மாறிப்போச்சுன்னா யாருக்கும் விளக்க வேண்டியதில்ல, வினையாவும் ஓடுது: இந்த வட்டாரம் கைமாறுது, கைமாறிட்டு இருக்கு, கைமாறிடுச்சு. மேட்டுக்குடியாக்கப்பட்டுக்கொண்டிருக்கிறதுன்னு எழுதிப் பாருங்க, மூச்சு முட்டும்.

> கைமாத்துன்னா வட்டி இல்லாம வாங்குற கடன்லப்பா! அப்புறம் பணக்காரங்க போய் ஏழைங்க வந்தாலும் கைமாறல்தானே?

அக்கா, ரெண்டும் சரியான அடி. கடன் கைமாற்று, இது கைமாறல், ஓசையில பிரிஞ்சிடும்னு நம்புறேன். குடிமாற்றம்னு போடலாம்னுதான் முதல்ல யோசிச்சேன், சரக்க மாத்துறதுன்னு படிக்கிறவங்க கட்டாயம் இருப்பாங்கன்னு விட்டுட்டேன். திசைக்கு என்ன பண்றதுன்னுதான் ரெண்டு நாளா மண்டையக் குடைஞ்சுது. மேல்நோக்கிய கைமாறல்னு முதல் தடவ முழுசா சொல்லிட்டு, அப்புறம் வெறும் கைமாறல்னு போகலாம், இல்லேன்னா வேற வழி சொல்லுங்க. எழுதிட்டு இருக்கும்போது ஒண்ணு கண்ணுல பட்டுது: குடியேற்றம், வெளியேற்றம் ரெண்டுலயும் அந்த ஏற்றம் ஒளிஞ்சிட்டு இருக்கு. மதிப்பெண்ல தெரியிற ஏற்றத்துக்குள்ள எது எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டாத மாடல நம்பாதீங்கன்னு தமிழே சொல்ற மாதிரி இருந்துச்சு, சரி விடுங்க, ஓவரா போறேன்.

புவியியலாளர் நீல் ஸ்மித் 1979ல சொன்ன ரென்ட் கேப்புக்கு வாடகை இடைவெளின்னு யாரோ போட்டிருந்தீங்க. மனைவாடகை இடைவெளின்னு மாத்தணும். அவர் சொல்றது குடியிருக்கிறவன் மாசாமாசம் குடுக்கிற வாடகை இல்ல, அந்த மனை இப்ப ஈட்டுறதுக்கும் நல்லாப் பயன்படுத்தினா ஈட்டக்கூடியதுக்கும் நடுவுல இருக்கிற பள்ளம். பள்ளம் பெருசானா முதலீடு பாயும். கணிக்கிறவங்களுக்கு இதுதான் முக்கியமான துப்பு, ஏற்கனவே கைமாறின வட்டாரத்துக்குப் பக்கத்துல இருக்கிறது இன்னொண்ணு.

கடைசியா ஒரு சிக்கல், இதத்தான் முக்கியமா கேக்க வந்தேன். மாடல் கணிச்சதக் காட்டுற மேப்புல நிறத்துக்குப் பக்கத்துல கைமாறும் வாய்ப்பு 0.7ன்னு எழுதினேன், எழுதிட்டுப் பார்த்தா மனை விக்கிறவன் நோட்டீஸ் மாதிரி இருக்கு. வாய்ப்புன்னா நமக்கு சான்ஸும் அதுதான், நல்ல சந்தர்ப்பமும் அதுதான். இந்த மாதிரி மேப்ப வெளியிட்டா முதலீட்டாளர் அதப் பார்த்தே போய் வாங்கலாம், அப்புறம் கணிப்பு பலிச்சிடுச்சுன்னு நாம காலர தூக்கி விட்டுக்கலாம், அந்தப் பயம் ஏற்கனவே இருக்கு, சொல் வேற எண்ணெய் ஊத்துது. அபாயம்னு போட்டா சொந்த வீட்டுக்காரர் சிரிப்பார், அவருக்கு விலை ஏறுறது அபாயமா? நிகழ்தகவுன்னே போட்டுட்டேன். கரடுமுரடுதான், ஆனா யாரையும் வாங்கச் சொல்லல.

ஞாயித்துக்கிழம வரைக்கும் பார்க்கிறேன், யாரும் அடிக்க வரலேன்னா நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடுறேன். மேட்டுக்குடியாக்கத்த பழைய வழக்குன்னு பக்கத்துல விட்டு வைக்கிறேன் ஐயா, தூக்கி எறியல.