‘டைம் லாப்ஸ்’ தமிழில்: காலச்சுருக்கமா, இடைவெளிப் பதிவா, வேறேதுமா?

உப்புவெளி, படத்தொகுப்பாளர்

எல்லாருக்கும் வணக்கம்.

திருகோணமலை உப்புவெளிக் கரையைப் பற்றி நாங்கள் எடுக்கும் பத்து நிமிடப் படம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. கடலைப் பார்த்த வீடொன்றின் மேல்மாடியில் கமராவைக் கட்டி, போன ஐப்பசியிலிருந்து காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அரை மணிக்கு ஒரு படம் எடுத்தோம். நாளுக்கு 25 படம். நொடிக்கு 25 சட்டகம் என்று ஓடவிட்டால் ஒரு நாள் ஒரு நொடியில் போய்விடுகிறது. மார்கழியில் கடல் தென்னை வேர்வரை மணலை அரித்துக்கொண்டு போவதையும், வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும் அதே மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதையும் இருந்த இடத்திலேயே பார்க்கலாம். தினமும் அந்தக் கரையில் நடக்கிற எனக்கே இது இவ்வளவு தெரிந்திருக்கவில்லை.

இடையில் உப்புத்தூறல் கண்ணாடியில் படிந்து இரண்டு கிழமைப் படங்கள் பழுதாகிப் போயின. காகங்கள் செய்த வேலையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இப்போது சிக்கல், திரையில் போடும் எழுத்தில். பள்ளிக்கூடங்களில் காட்டப்போகிற படம், இந்த முறையை ‘டைம் லாப்ஸ்’ என்றே போட மனமில்லை. (போட்டாலும், ‘ட’வை ‘ர’ ஆக்குகிற நம் வழக்கப்படி ‘ரைம் லாப்ஸ்’ என்று எழுத வேண்டும் என ஒரு சண்டை தொடங்கும்.) நண்பர் ஒருவர் ‘காலாவதிப் படம்’ என்று மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறார். அது பிஸ்கட் பெட்டியில் இருக்க வேண்டிய சொல். ‘காலச்சுருக்கப் படம்’ என்று போடலாமா?

உவர்மலை, இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர்

தம்பி, ‘காலச்சுருக்கம்’ வேண்டாம். பௌதிகத்தில் நீளச் சுருக்கம், கால விரிவு என்று சார்புக் கொள்கைக்குப் படிப்பிக்கிறோம். உயர்தரப் பிள்ளை உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு ஐன்ஸ்டீனைத் தேடிப் போகும்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. சுருக்கம் என்றால் முழுவதும் கையில் இருந்து, பிறகு மடித்தது என்று பொருள். உங்களிடம் முழுவதும் இல்லையே. ஒரு நாளில் 86,400 நொடிகள். அவற்றில் 25 கணங்களை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். மிச்சம் எடுக்கவே இல்லை. வேகமாக ஓட்டிய படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். 1910இல் ஆங்கிலேயப் படக்காரர் பேர்சி ஸ்மித் பூ விரிவதைப் படமாக்கிக் காட்டியதும் இதே முறைதான்: மொட்டுக்கு முன்னால் கமராவை வைத்து, எடுப்பது, காத்திருப்பது, மறுபடி எடுப்பது.

ஆகவே ‘இடைவெளிப் படப்பதிவு’ என்று முன்வைக்கிறேன். நம்மூர் இந்துக் கல்லூரியை நடத்திய விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல் வேலையிலும் இருந்தவர். அந்த வழியில் வந்த ஊர் நாம்; பொருளைப் பார்த்துச் சொல் செய்வோம், ஆங்கிலத்தைப் பார்த்து அல்ல.

நிலாவெளி, சுழியோடி

சேர் சொல்வது சரி, ஆனால் ‘இடைவெளி’ என்றதும் எனக்கு இரண்டு பொருளுக்கு நடுவில் இருக்கிற இடம்தான் ஞாபகம் வருகிறது. நேரம் வரவில்லை.

புறாமலைத் தீவில் முருகைக்கல் (பவளப்பாறை) வெளிறுவதை இப்படி எடுக்க எனக்கு நெடுநாள் ஆசை. கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடி, அது சில கிழமைக்கு நீடித்தாலே போதும். முருகை தன் உடம்புக்குள் வாழும் பாசியை வெளியே தள்ளிவிடும், பிறகு வெள்ளை எலும்புதான் தெரியும். ஒருநாள் இறங்கிப் பார்க்கிறவனுக்கு அது அழகாகக்கூட இருக்கும். என்ன நடந்தது என்று தெரிய முந்தின மாதமும் வேண்டும், அடுத்த மாதமும் வேண்டும்.

ஒளிப்படக்காரர் ஜேம்ஸ் பேலோக் 2007இல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்காப் பனியாறுகளுக்கு எதிரே கமராக்களை நட்டுவைத்தார். தரையில் அது சரிவந்தது. கடலுக்கடியில் வைத்த தானியங்கிக் கமராக்கள் குவியம் தவறி ஏமாற்றிவிட, முருகை வெளிறுவதைப் பற்றிய ‘சேசிங் கோரல்’ ஆவணப்படக் குழு 2016இல் அவுஸ்திரேலியாவில் தினமும் தண்ணீருக்குள் இறங்கிக் கையால் எடுத்தது. அதே இடம், அதே கோணம், மாதக்கணக்கில். அதற்கும் பொருந்துகிற சொல்லாக வேண்டும். கமரா தானாக எடுத்ததா, ஆள் எடுத்தாரா என்பது சொல்லுக்குள் வரக்கூடாது.

கிண்ணியா, ஒளிப்படக்காரர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எங்கட வாப்பா கைத்தூண்டில்காரர். பெரிய பாரை, அறக்குளா கொத்தினால் உடனே இழுக்கமாட்டார். இழுத்தால் தங்கூசி அறும். கொஞ்சம் விடுவார், பிடிப்பார், திரும்ப விடுவார். ‘விட்டுப் பிடிக்கணும் மகன்’ என்பார். இந்தத் திரியை வாசித்தபோது அதுதான் மனதில் வந்தது. கமராவும் ஒரு கணத்தைப் பிடிக்கிறது, அரை மணியை விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. படம் ‘பிடிப்பது’ என்று ஏற்கெனவே சொல்கிறோம்தானே?

‘விட்டுப்பிடி’ என்றே வைத்தால் என்ன?

உவர்மலை, இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர்

முதலில் சிரித்தேன். வகுப்பில் குழப்படிகாரனைக் கையாளச் சொல்கிற வார்த்தை அல்லவா இது. பாடநூலில் போட்டால் பிள்ளைகளும் சிரிக்கும்.

பிறகு இரவு உட்கார்ந்து உருட்டிப் பார்த்தேன். கலைச்சொல்லுக்கு நான் வைக்கிற சோதனை ஒன்றுதான்: அதிலிருந்து மற்றச் சொற்கள் கிளைக்குமா? ‘இடைவெளிப் படப்பதிவு’ கிளைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதை வினையாக்கினால் நாக்கு பிரளும். இது கிளைக்கிறது. பெயர், விட்டுப்பிடிப்பு. வினை, விட்டுப்பிடித்தோம். இரண்டு படத்துக்கு இடையில் விடுகிற நேரம், விடுநேரம். கமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியபடி எடுக்கிறார்களே, ‘ஹைப்பர் லாப்ஸ்’, அது நகர்விட்டுப்பிடிப்பு. கடைசிச் சொல் நீளம்தான், ஆனால் பொருள் கெடவில்லை. சுழியோடித் தம்பி கேட்டதற்கும் பொருந்துகிறது; ஆள் பிடித்தாலும் பிடிப்புத்தான்.

எனக்கு உள்ள பயம், கண்டிப்பைத் தளர்த்துவது என்ற பழைய பொருள் குறுக்கே வருமா என்பது. திரைப்படத்தைப் பற்றிய வசனத்தில் வராது என்று நினைக்கிறேன். வகுப்பறையில் வரும். வரட்டும்.

உப்புவெளி, படத்தொகுப்பாளர்

சேர், ‘விடுநேரம்’ எனக்குப் பெரிய உதவி. ஏனென்று சொல்கிறேன்.

படத்தைத் தை மாதத்தோடு நிறுத்தும்படி எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். கடல் கரையை விழுங்குகிற காட்சியோடு முடித்தால் பார்க்கிறவர்கள் அதிர்ந்துபோவார்கள் என்றார். அதிர்வார்கள்தான். ஆனால் மணல் திரும்பி வருகிற பாதியை வெட்டினால் அது பொய். இந்தக் கரை வருடந்தோறும் போய்வருகிற கரை. எங்களுக்குக் கவலையான விசயம், போன இடத்தில் எவ்வளவு திரும்பவில்லை என்பது. அது ஒரு வாடையில் தெரியாது, இன்னும் சில வருடம் கமரா அங்கேயே இருக்க வேண்டும். சூழலுக்காக எடுக்கிற படங்களில் இந்த ஆசை அடிக்கடி எட்டிப்பார்க்கிறது: பயமுறுத்துகிற மாதங்களை மட்டும் பிடித்து, மற்றதை விட்டுவிடுவது. எதை விட்டோம் என்பதும் சொல்லுக்குள் இருந்தால் அப்படி ஏமாற்றுவது கொஞ்சம் கடினம்.

ஆகவே படத்தின் அடியில் இப்படிப் போடுகிறேன்:

*விட்டுப்பிடிப்பு. விடுநேரம் அரை மணி. ஐப்பசி முதல் ஆனி வரை.*

இரவைப் பற்றியும் எழுத வேண்டுமா என்று யோசித்தேன். இருட்டில் எடுக்கவில்லை என்பது பார்த்தாலே விளங்கும், விட்டுவிட்டேன்.

பழுதாய்ப்போன அந்த இரண்டு கிழமைதான் மிச்சம். முன்பின் படங்களை ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது, கடல் ஒரே தாவலில் தென்னைக்கு வந்துவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். நான் 14 நொடி கறுப்புத்திரை விட்டிருக்கிறேன். அலைச் சத்தம் மட்டும் கேட்கும். பத்து நிமிடப் படத்தில் அது நீளம் என்று குழுவில் முணுமுணுப்பு. கிண்ணியா நானா, வாப்பாவுக்கு ஒருக்கால் போட்டுக்காட்டி, இருக்கலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.