ஊமைப்பட பாணியில் பேய்ப்படம்: செலவில்லாமல் எடுக்க முடியுமா?

கேள்வி:
20 நிமிடத்தில், வசனமே இல்லாமல், 1920களின் ஊமைப்படம் மாதிரி ஒரு பேய்ப்படம் எடுக்கப் போகிறோம். கையில் இருப்பது ஒரு சாதாரண டிஜிட்டல் கேமராவும் ட்ரைபாடும்தான், லைட் வாடகைக்குக் காசில்லை, ஆனால் கதை முழுக்க இரவில் நடக்கிறது. கறுப்பு வெள்ளையாக்கி, கீறலும் தூசியும் போட்டு, வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதுமா?

பதில் 1:
கீறலை முதலில் விடுங்கள். அந்தப் படங்கள் வெளிவந்தபோது பளிச்சென்றுதான் இருந்தன, கீறலெல்லாம் பிரிண்ட் ஓடி ஓடித் தேய்ந்ததில் வந்தது. அந்தத் தோற்றத்துக்குக் காரணம் ஃபிலிம். அப்போது பெரும்பாலும் புழங்கிய ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமில் சிவப்பு பதியாது, அதனால்தான் உதடு கறுத்து, நீல வானம் வெளுத்துப்போய், முகமே ஒரு மாதிரி நோய்ப்பட்டதுபோல் இருக்கும். பேய்ப்படத்துக்கு வேறென்ன வேண்டும்! கலரில் எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு சேனலை (படத்தில் சிவப்பு ஒளி மட்டும் பதிந்த பகுதி) அடியோடு எடுத்துவிட்டு நீலத்தை ஏற்றிப் பாருங்கள். ஆனால் நீல சேனலில்தான் நாய்ஸ் அதிகம், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

பதில் 2:
பகலில் எடுத்தால் இரவு எப்படி என்று கேட்பீர்கள். 1922இல் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் தன் ரத்தக்காட்டேரிப் படமான ‘நோஸ்ஃபெராட்டு’வின் வெளிப்புற இரவுக் காட்சிகளைப் பகலில்தான் எடுத்தார், பிரிண்டில் நீலச் சாயம் ஏற்றியதும் அது இரவாகிவிட்டது. இரவுக்கு நீலம், விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், நெருப்புக்குச் சிவப்பு என்பது அப்போதைய பரவலான பழக்கம், அன்றைய ரசிகர்கள் பல படங்களை வெறும் கறுப்பு வெள்ளையில் பார்க்கவே இல்லை. வானத்தை மட்டும் ஃபிரேமுக்குள் விடாதீர்கள், வெளுத்துத் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். லைட் இல்லையென்றால் நிழலைச் சுவரில் பெயிண்டால் வரையுங்கள், ‘டாக்டர் காலிகரி’ என்ற ஜெர்மன் ஊமைப்படத்தில் (1920) அதைத்தான் செய்தார்கள். வேகத்தைக் கூட்ட வேண்டாம், சிரிப்பு வந்துவிடும். பேய் மெதுவாக நடந்தால்தான் பயம்.

கேள்வி கேட்டவர்:
நீல சேனலைச் சோதித்துப் பார்த்தேன், கண்ணுக்குக் கீழே கறுத்து பயங்கரமாக இருக்கிறது, மிக்க நன்றி! அப்புறம், பேய் உடம்பு வழியே பின்னால் இருக்கும் சுவர் தெரிய வேண்டும். அதற்கு என்ன வழி?

பதில் 3:
கேமராவை அசையாமல் பூட்டி, ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) இரண்டையும் தானாக மாறாதபடி மேனுவலில் வைத்து, காலி அறையை ஒருமுறை, நடிகரோடு ஒருமுறை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றை அரை அடர்த்தியில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே மேகம் மறைத்து வெளிச்சம் மாறினால் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.