நிதி வேண்டுகோள் மடல்: வரைவு பற்றிச் சில வார்த்தை

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கையருக்கு வணக்கம்.

செயலாளர் அண்ணன் அனுப்பியிருந்த வரைவை நேற்று இரவு கைபேசியில் படித்தேன். பாதியிலேயே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். சங்கத்துக்காரன் நானே இப்படி என்றால், வேலை முடிந்து வண்டியில் தொங்கிக்கொண்டு படிப்பவர் என்ன செய்வார்? கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே, போன வருட மடலை எழுதியவன் நான்தான். அது இதைவிட மோசம்.

முதல் நான்கு பத்தியும் சங்கம் எப்போது தொடங்கியது, நிர்வாகிகள் யார் யார் என்றே போகிறது. பணம் எதற்கு என்பது ஐந்தாம் பத்தியில்தான் வருகிறது, அதுவும் "கல்வி மேம்பாட்டுப் பணிகளுக்காக" என்று. இதைப் படித்தால் கண்முன்னே எதுவும் வராது. உண்மையில் நாம் செய்யப்போவது வாசிப்பறைக்கு விளக்குப் போடுவது. அதை அப்படியே சொன்னால் என்ன? நான் எழுதிப் பார்த்தது இது:

"மாலை ஆறரைக்கு மேல் நம் வாசிப்பறையில் எழுத்துத் தெரிவதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டே போய், கடைசியில் வாசற்படியில் உட்கார்ந்து படிக்கிறாள். அறைக்கு எட்டு விளக்கு வேண்டும். ஒரு விளக்கின் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?"

அவ்வளவுதான். ஒரு பிள்ளை, ஒரு அறை, ஒரு கேள்வி. பெயரும் படமும் வேண்டாம். இந்த நான்கு வரியைக்கூட அந்தப் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் காட்டி, சரி என்ற பிறகே அனுப்ப வேண்டும். அவளைப் பரிதாபமாகக் காட்டவும் கூடாது. படிக்க இடம் தேடுகிற பிள்ளை அவள், கை நீட்டி நிற்பவள் இல்லை.

"மொத்தம் எத்தனை மாணவர்கள் என்ற புள்ளிவிவரத்தையும் சேர்த்தால் கனமாக இருக்குமே" என்று பொருளாளர் அக்கா கேட்டிருந்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் விரும்பியதை நன்கொடையாகப் போடச் சொன்னார்கள். ஆப்பிரிக்காவின் பசிக்கொடுமையை எண்களில் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் போட்டார்கள். ரோக்கியா என்ற ஒரே ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் போட்டது 2.38 டாலர். சிறுமியையும் எண்களையும் சேர்த்துப் படித்தவர்களிடம் இது 1.43 டாலராக இறங்கிவிட்டது. எண்கள் கனம் சேர்க்கவில்லை, சிறுமியை மறைத்துவிட்டன. அதனால் கணக்கு அட்டவணை தனி இணைப்பாக இருக்கட்டும் அக்கா, கேட்பவர்கள் திறந்து பார்க்கட்டும்.

அப்புறம், வரும் தொகைக்கு இரண்டு மடங்கு தானே போடுவதாகச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. அதை மடலில் கட்டாயம் எழுத வேண்டும், ஆனால் ஒரு மடங்கு போதும் என்பது என் கருத்து. கார்லன், லிஸ்ட் இருவரும் 50,000 பேருக்கு வேண்டுகோள் கடிதம் அனுப்பிச் சோதித்துப் பார்த்தார்கள். அதுவும் 2007-இல் வெளியானதுதான். ஈடுதொகை உண்டு, அதாவது நீங்கள் போடுவதற்கு ஈடாக இன்னொருவரும் போடுவார் என்றதும் கொடுப்பவர்கள் 22 சதவீதம் கூடினார்கள். ஆனால் ஈடு ஒரு மடங்கா, இரண்டா, மூன்றா என்பதில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மிச்சத்தை அண்ணன் அடுத்த வேலைக்கு வைத்திருக்கலாம்.

"உங்களால் இயன்றதை" என்ற வரியை எடுத்துவிடலாம். எவ்வளவு போடுவது என்று யோசித்தே பலர் நாளைக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு விளக்குக்கு இவ்வளவு, அரை விளக்குக்கு இவ்வளவு என்று இருக்கட்டும். கடைசித் தேதியும் வேண்டும், நிஜமான தேதியாக. போன முறை மூன்று தடவை "கடைசி நாள்" அறிவித்து மானம் போனது.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது நன்றி மடல். போன வருடம் பணம் அனுப்பிய பெரியவர் ஒருவர் மூன்று மாதம் கழித்து, "தம்பி, பணம் வந்து சேர்ந்ததா?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். அவர் அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த முறை பணம் வந்த இரண்டு நாளுக்குள் ரசீதும், பெயர் சொல்லி இரண்டு வரி நன்றியும் போக வேண்டும். விளக்குப் போட்டதும் எரிகிற விளக்கின் படத்தை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அந்த மடலில் மறுபடி பணம் கேட்கக் கூடாது.

இந்த நன்றி வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். பணம் வர வர, பொருளாளர் அக்கா எனக்குப் பெயரையும் தேதியையும் மட்டும் அனுப்பினால் போதும். வரைவில் திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ஆறரை மணி என்பது சரிதானா என்று ஊரில் இருப்பவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
போன வருட மடலை எழுதியவன்