சட்டப் புத்தகத்தின் அடியில் முயல் ராஜ்ஜியம்: கேலியா, வெறும் வேடிக்கையா?

கல்வெட்டுக்காரன்:
வேட்டைக்காரனின் கைகளைக் கட்டி முயல்கள் இழுத்துப்போகும். ஒரு முயல் வாளை ஓங்கி அவன் தலையைச் சீவும். சில பக்கங்கள் தள்ளி, வேட்டைநாயையும் பிடித்து விசாரித்து, வண்டியிலேற்றித் தூக்குமரத்துக்குக் கொண்டுபோவார்கள் இந்த முயல்கள். கைப்பேசியில் இந்தப் படங்கள் வராத ஆள் இருக்க முடியாது. ஆனால் அவை எந்த நூலில் இருக்கின்றன என்று கேட்டால் பலரும் விழிக்கிறார்கள். ஸ்மித்ஃபீல்ட் டெக்ரெட்டல்ஸ் என்று பெயர். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள தோல் சுவடி. உள்ளே இருப்பது கதையோ பாட்டோ அல்ல, போப் ஒன்பதாம் கிரகோரி 1234-இல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு!

என் வாதம் இதுதான்: சட்டத்தின் காலடியில் உட்கார்ந்துகொண்டு சட்டத்தையே நையாண்டி செய்திருக்கிறான் ஓவியன். வாய் திறந்து பேச முடியாதவன் தூரிகையால் பேசியிருக்கிறான். மறுக்க விரும்புகிறவர்கள் வரலாம்.

மூலமும்உரையும்:
வந்துவிட்டேன் தம்பி. முதலில் ஒரு கணக்கு. இந்தச் சுவடியை எழுதியது தென் பிரான்சில், பெரும்பாலும் துலூஸ் நகரில். படம் வரைந்தது லண்டனில், 1340-களை ஒட்டி. எழுதி முடித்த ஏடுகள் கடல் கடந்து வந்து, பல ஆண்டுகள் கழித்து வேறொரு கூட்டம் கீழே காலியாகக் கிடந்த இடத்தில் வரைந்திருக்கிறது. எழுதியவனும் வரைந்தவனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

பக்கத்தின் அமைப்பையும் பாருங்கள். நடுவில் இரண்டு பத்திகளில் மூலம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் பார்மாவின் பெர்னார்டு என்ற சட்ட அறிஞர் செய்த உரை, இன்னும் சிறிய எழுத்தில். மூலத்தை உரை முற்றுகையிட்டிருப்பதுபோல இருக்கும். இதற்கெல்லாம் கீழே ஒரு விரல்கடை இடத்தில்தான் உங்கள் முயல்கள் ஓடுகின்றன.

செலவு இன்னொன்று. 314 இதழ்கள் (ஓர் இதழுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம்), ஒவ்வொன்றும் சுமார் 45 சென்டிமீட்டர் உயரம், அத்தனையும் விலங்குத் தோல். கூலி கொடுத்தது திருச்சபைப் பக்கத்து ஆள். கூலி வாங்கிக்கொண்டு எசமானின் முகத்திலேயே கரி பூசுவானா?

தோல்சுவடி:
ஐயா, எசமானுக்கே அந்தக் கரி பிடித்திருந்தால்? நலங்கில் சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பாடுவார்கள். பாட்டுக்காரிக்கு வெற்றிலை பாக்கும் பணமும் கொடுப்பது யார்? கேலி இருக்கிறது என்பதாலேயே கலகம் ஆகிவிடாது. கூலி கொடுத்தான் என்பதாலேயே கேலி இல்லை என்றும் ஆகிவிடாது.

முயலை மட்டுமே பேசுகிறீர்கள். இதே சுவடியில் ஒரு நரி ஆயர் வேடத்தில், கையில் செங்கோலோடு, பறவைகளுக்குப் பிரசங்கம் செய்கிறது. பறவைகளும் கழுத்தை நீட்டிப் பக்தியோடு கேட்கின்றன. பிறகு அந்த நரியை வாத்துகளே தூக்கிலிடுகின்றன. ஆயரின் தொப்பியை நரியின் தலையில் வைக்கத் துணிந்தவன் ஒன்றும் தெரியாத அப்பாவி என்று என்னால் நம்ப முடியவில்லை. அதைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் குருமார்களாகத்தான், அதாவது பாதிரிமார்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

கோர்ட்டுப்புறா:
படத்தை விட்டுவிட்டு ஒருமுறை சட்டத்தையும் படியுங்கள். நான் வழக்கறிஞன், அந்தப் பழக்கம் போகாது.

இந்தத் தொகுப்பில் ஐந்து புத்தகங்கள். நீதிபதி, விசாரணை, குருமார், திருமணம், குற்றம் என்று லத்தீனில் ஐந்தே சொற்களில் மாணவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். ஐந்தாம் புத்தகத்தின் 24-ஆம் தலைப்பு என்ன தெரியுமா? ‘வேட்டையாடும் குருவைப் பற்றி’. குருமார் வேட்டைக்குப் போகக்கூடாது. மூன்றாம் புத்தகத்தின் கடைசித் தலைப்பில் இன்னொரு விதி: குருமார் எவரும் இரத்தம் சிந்தும் தீர்ப்பை வழங்கக்கூடாது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை போட்ட விதி அது. கொதிக்கும் நீரில் கை விடு, பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடி என்று உண்மை கண்டுபிடிக்கும் சோதனைகளுக்குக் குரு மந்திரிக்கக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. குரு விலகியதும் இங்கிலாந்தில் அந்தச் சோதனைகள் நின்றுபோய், அந்த இடத்தில்தான் ஜூரி வந்து உட்கார்ந்தது. முயல்களைவிட எனக்கு இது பெரிய அதிசயம்.

கல்வெட்டுக்காரன்:
புறா அண்ணா, என் வழக்கை நீங்களே வென்று கொடுத்துவிட்டீர்கள்! வேட்டை குற்றம் என்று சொல்லும் நூலில் வேட்டைக்காரன் தண்டிக்கப்படுகிறான். குரு மரணதண்டனை கொடுக்கக்கூடாது என்று சொல்லும் நூலில் முயல் மரணதண்டனை கொடுக்கிறது. இதற்கு மேலும் தற்செயல் என்பீர்களா ஐயா?

மூலமும்உரையும்:
என்பேன். இதழ் எண்ணைப் பாருங்கள் தம்பி. முயல்கள் வேட்டைக்காரனைக் கொல்வது 60-ஆம் இதழை ஒட்டி. அங்கே ஓடிக்கொண்டிருப்பது முதல் புத்தகம். வேட்டை பற்றிய தலைப்பு சுவடியின் கடைசிப் பகுதியில், நூற்றுக்கணக்கான பக்கங்கள் தள்ளி இருக்கிறது. கொல்லன் தெருவில் நடந்த கல்யாணத்துக்குக் குயவன் தெருவில் மேளம் கேட்டது என்கிறீர்கள்.

107-ஆம் இதழில் ஒரு வீரன் நத்தையோடு சண்டை போடுகிறான். அந்தப் பக்கத்தில் நத்தைச் சட்டம் எதுவும் இல்லை, நானறிவேன். நத்தையோடு போரிடும் வீரர்கள் அந்தக் காலத்து ஜெபப் புத்தகங்களின் ஓரங்களிலும் உண்டு. தலைகீழ் உலகம் என்பது அன்றைய ஓவியர்களின் கைச்சரக்கு. சட்டப் புத்தகம் கொடுத்தால் அதிலும் வரைவார்கள், விவிலியத்தின் சங்கீதப் புத்தகம் கொடுத்தால் அதிலும் வரைவார்கள்.

கல்வெட்டுக்காரன்:
முதல் புத்தகம் என்றீர்களே, அதன் பெயர் என்ன? புறா அண்ணா சொன்ன அந்த ஐந்து சொற்களில் முதல் சொல்? நீதிபதி! நீதிபதியைப் பற்றிய புத்தகத்தின் அடியில் முயல் நீதிபதி. மேளம் அதே தெருவில்தான் அடித்திருக்கிறது ஐயா.

மூலமும்உரையும்:
(அரைமணி நேரம் கழித்து) நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ‘நீதிபதி’ என்பது மாணவர்கள் வைத்துக்கொண்ட நினைவுச்சொல். அந்தப் புத்தகத்துக்குள் ஆயர் தேர்தல், குருப்பட்டம், அதிகாரிகளின் கடமைகள் என்று ஏராளம் இருக்கிறது. துலூஸ் எழுத்தர் எழுதியதை லண்டன் ஓவியன் எழுத்துக்கூட்டிப் படித்து, இது எந்தப் புத்தகம் என்று பார்த்துத்தான் முயலை வரைந்தான் என்பதற்கு என்ன சாட்சி? சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

தோல்சுவடி:
இடையில் ஒரு செய்தி. மிருகத்தை விசாரிப்பது அந்தக் காலத்தில் வெறும் கற்பனை அல்ல. 1386-இல் நார்மண்டியின் ஃபாலேஸ் ஊரில், குழந்தையைக் கொன்ற ஒரு பன்றியை விசாரித்துத் தண்டனை நிறைவேற்றினார்கள். நாய்க்கு நடந்த விசாரணையை இன்று நாம் பார்ப்பதுபோல அன்றைய கண் பார்த்திருக்காது.

தேன்மொழி:
மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் முயலுக்காக உருகுகிறீர்கள். இதே நூலின் ஐந்தாம் புத்தகம், ஆறாம் தலைப்பு யூதர்களையும் முஸ்லிம்களையும் பற்றியது. அவர்கள் உடையிலேயே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்ற விதி அங்கே இருக்கிறது. பார்த்ததும் ‘இவன் வேறு’ என்று தெரிய வேண்டுமாம். இந்தச் சுவடி லண்டனுக்கு வந்தபோது அந்த விதியை அமல்படுத்தக்கூட அங்கே யூதர்கள் இல்லை. 1290-லேயே நாட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள். ஓரத்தில் யார் சிரித்தார்கள் என்பதைவிட, நடுவில் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்குக் கேள்வி.

மூலமும்உரையும்:
அம்மா, நீங்கள் சொன்னது உண்மை. அதே தலைப்பில் இதையும் படியுங்கள்: யூதர்களை வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் பெறச் செய்யக்கூடாது, அவர்களுடைய பண்டிகை நாளில் கல்லெறிந்து இடையூறு செய்யக்கூடாது, பணம் பறிப்பதற்காகக் கல்லறையைத் தோண்டக்கூடாது. பாதுகாப்பும் அங்கேதான் இருக்கிறது.

தேன்மொழி:
கல்லெறியாதே என்று சட்டம் எழுத வேண்டியிருந்தது என்றால் கல் பறந்துகொண்டிருந்தது என்று பொருள், ஐயா. கல்லறை விதியும் அப்படித்தான்.

கோர்ட்டுப்புறா:
தேன்மொழி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் தொழிலில் தடைச் சட்டத்தை எப்போதும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

கல்வெட்டுக்காரன்:
எப்படியோ, அந்தச் சட்டம் செத்துவிட்டது. 1520 டிசம்பரில் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகர வாசலுக்கு வெளியே, போப்பை எதிர்த்த மார்ட்டின் லூதர் திருச்சபைச் சட்டப் புத்தகங்களைத் தீயிலிட்டார். 1535-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி பல்கலைக்கழகங்களில் அந்தப் படிப்பையே நிறுத்தினார். 1539-இல் இந்தச் சுவடியை வைத்திருந்த ஸ்மித்ஃபீல்ட் புனித பர்த்தலோமேயு மடமும் கலைக்கப்பட்டது. மிஞ்சியது முயல் மட்டும்.

கோர்ட்டுப்புறா:
அவசரம் வேண்டாம் தம்பி. படிப்பை நிறுத்தினாரே ஒழிய நீதிமன்றத்தை நிறுத்தவில்லை. இங்கிலாந்தில் திருமண வழக்கும் உயில் வழக்கும் 1857 வரை திருச்சபை நீதிமன்றத்தில்தான் நடந்தன. கத்தோலிக்கத் திருச்சபைக்குள் கிரகோரியின் தொகுப்பு 1917-இல் புதிய சட்டநூல் வரும்வரை அமலில் இருந்தது. 683 ஆண்டுகள்! அந்த ஆயுள் எந்த நாட்டு அரசியல் சட்டத்துக்கு வாய்த்திருக்கிறது, சொல்லுங்கள். அதைத் தொகுத்தவர் ரைமுந்து என்ற டொமினிக்கன் துறவி. ஒன்றோடொன்று முரண்பட்டுக் கிடந்த போப்புகளின் கடிதங்களை வெட்டி, ஒட்டி, வேண்டாததைத் தூக்கியெறிந்து ஏறத்தாழ நான்கே ஆண்டுகளில் முடித்தார். முயல் வரைந்தவனுக்கு ரசிகர் மன்றம் இருக்கிறது. இந்த மனிதரை யாரும் சீந்துவதில்லை.

தோல்சுவடி:
மடம் கலைந்த பிறகு சுவடி அரசர் வீட்டு நூலகத்துக்குப் போய்விட்டது. 1757-இல் இரண்டாம் ஜார்ஜ் அந்த நூலகத்தையே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சுவடியின் நூலக எண் ‘ராயல்’ என்று தொடங்குவது அதனால்தான். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, இணையத்தில் இருந்த சுவடிப் படங்கள் எல்லாம் ஒரே நாளில் மறைந்தன. நான் பக்கம் பக்கமாகச் சேமித்து வைத்திருந்தேன், நல்லவேளை. அதில்தான் நரியின் செங்கோலை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேலி இல்லை என்று ஐயா இன்னொரு முறை சொன்னால் படத்தை இங்கேயே ஒட்டுவேன்.

மூலமும்உரையும்:
ஒட்டுங்கள். நரி விஷயத்தில் கேலி உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். முயல் விஷயத்தில் மாட்டேன்.

கல்வெட்டுக்காரன்:
அப்படியானால் மேல்முறையீடு செய்கிறேன்.

கோர்ட்டுப்புறா:
தாராளமாக. இரண்டாம் புத்தகம், 28-ஆம் தலைப்பு: ‘மேல்முறையீடுகள்’. உரையோடு சேர்த்தால் பக்கம் பக்கமாக நீளும். வேட்டைநாய்க்கு மட்டும் அதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.