நாடகத்துக்கு மெசூசா, மெழுகுவர்த்தி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே. நியூஜெர்சியில் எங்கள் ஊர் நாடகக் குழுவில் மேடைப் பொருட்கள் என் பொறுப்பு. இந்த முறை ஒரு யூதக் குடும்பக் கதை. பல வருடம் கழித்து மகன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்புகிறான். வாசல் நிலையில் உள்ள மெசூசாவை (மறைவரிகள் எழுதிய தோல்சுருள் வைக்கும் சிறு கூடு) தொட்டு விரலை முத்தமிடுகிறான்.

அது உள்ளே நுழைபவருக்கு வலப்பக்கம் இருக்கணும். நான் பார்வையாளருக்கு வலம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் ஆணி அடித்துத் தொலைத்தேன்! இப்போது மாற்றி, அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்) வழக்கப்படி சற்றுச் சாய்த்துப் பதித்தாயிற்று. உள்ளே தோல்சுருள் இல்லாமல் வெறும் கூடு வைத்தால் யார் மனமாவது புண்படுமா?

இன்னொன்று, அரங்கில் நெருப்புக்கு அனுமதியில்லை. அம்மா சபாத் (வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாள்) மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்களைப் பொத்துவதுதான் முக்கியக் காட்சி. பேட்டரி மெழுகுவர்த்தியை 'ஏற்றுவது' எப்படி? சபாத் உணவுக்கு வைக்கும் ஹல்லா ரொட்டியை மூடும் துணி இரவல் கிடைத்தாலும் நல்லது.